‘சேஃப்டி பெல்ட் – 1 செட்’ என்ற வரியை மாற்றி எழுதுங்கள்: வட ஆற்காட்டு டவர்களுக்குச் சாமான் வாங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர்கள், வயர்லெஸ், எஃப்.எம்., செல்போன் டவர்களைப் பராமரிக்கும் அலுவலகங்களின் கொள்முதல் பிரிவினர். டவர் வேலையை ஒப்பந்தம் எடுப்போர்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். ஆன்டெனா மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, உச்சி விளக்கைச் சரிசெய்வது என்று டவர் வேலை எதற்கு டெண்டர் விட்டாலும், பாதுகாப்புச் சாமான் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் வருகிறது: ‘சேஃப்டி பெல்ட், லேன்யார்டுடன் – 1 செட்’. (லேன்யார்ட் என்பது ஆளின் பெல்ட்டை டவரோடு இணைக்கும் குட்டைக் கயிறு.) அந்த வரியோடு கடைக்குப் போகிறவர், அதற்குப் பொருந்தும் சாமான்களிலேயே விலை குறைந்ததை வாங்கி வருகிறார். கட்டடச் சாரத்தில் நிற்பவருக்கென்று செய்த, முதுகில் ஒற்றை வளையம் வைத்த ஹார்னஸ், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டைக் கட்டு, வந்து சேர்கிறது. சில இடங்களில் இன்னும் வெறும் இடுப்பு பெல்ட். வாங்கியவரைக் குற்றம் சொல்ல முடியாது. எழுதியிருந்ததைத்தான் அவர் வாங்கினார். அதனால் அந்த வரியை எழுதுகிறவர்களுக்கே இந்த மடல். அதை எப்படி மாற்றி எழுத வேண்டும், ஒவ்வொரு சொல்லும் எதற்காக என்பதை, இந்த வேலையை அறிந்தவர்களாக உங்கள் முன் வைக்கிறோம்.

1989-ல் திருவண்ணாமலையும், 2019-ல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தபின் பழைய வட ஆற்காடு இன்று நான்கு மாவட்டம். ஊருக்குள் மொட்டைமாடியில் நிற்கும் 15, 20 மீட்டர் டவர், நெடுஞ்சாலையோரம் தரையிலிருந்து எழும் 40, 50 மீட்டர் டவர், ஸ்டே ஒயர் இழுத்துக் கட்டிய ஒல்லிக் கம்பமான மாஸ்ட், ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் காற்றடிக்கும் மேட்டில் நிற்பவை என்று பல வகை இங்கே உண்டு. உடம்பில் மாட்டும் ஹார்னஸ் இவை எல்லாவற்றுக்கும் ஒரே வகை போதும். அந்த ஹார்னஸை டவரோடு இணைக்கும் சாமான்தான் டவருக்கு டவர் மாறுகிறது. பட்டியலில் இந்த இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுவதே நாங்கள் கேட்கும் முதல் திருத்தம்.

இடுப்பு பெல்ட்டைப் பட்டியலிலிருந்து முழுவதுமாக எடுத்துவிடுங்கள். ஒரு கணக்குப் போட்டால் காரணம் புரியும். 80 கிலோ எடையுள்ள ஆள் 2 மீட்டர் விழுந்து, நீளாத கயிற்றில் 20 செ.மீ. தூரத்துக்குள் நிறுத்தப்படுகிறார் என்று வையுங்கள். அவர் உடம்பில் விழும் சராசரி விசை சுமார் 8.6 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 880 கிலோ எடை. உச்ச விசை இதற்கும் மேலே போகும். அது முழுவதும் இடுப்பைச் சுற்றிய ஒரு பட்டையில் இறங்கினால் விலா எலும்பும் கல்லீரலும் மண்ணீரலும் முதுகுத்தண்டும் தாங்காது. ஆள் தலைகீழாகக் கவிழ்ந்து பெல்ட்டிலிருந்து நழுவிப் போகவும் வழி உண்டு. அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதல், விழுந்தால் பிடிக்கும் சாமானாக இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்தக் கூடாது என்றே விதி. அதே ஆளை, விழும் வேகத்தை வாங்கிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர் வைத்த லேன்யார்ட் 1 மீட்டர் தூரத்தில் மெல்ல நிறுத்தினால் சராசரி விசை சுமார் 240 கிலோ எடையளவுக்கு இறங்கிவிடும். அதையும் தொடை, இடுப்பு, மார்பு, தோள் என்று முழு உடல் ஹார்னஸ் பிரித்து வாங்கிக்கொள்கிறது. பெல்ட்டும் ஹார்னஸும் ஒரே சாமானின் மலிவான வடிவம், விலையுயர்ந்த வடிவம் என்று எண்ணி யாரும் கையெழுத்திட வேண்டாம்.

இனி ஹார்னஸில் உள்ள வளையங்கள். டவர் வேலைக்கான ஹார்னஸுக்கும் கட்டட வேலை ஹார்னஸுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு டி-ரிங், அதாவது ‘டி’ வடிவ வளையம். விழுவதைப் பிடிக்கும் லேன்யார்ட் இதில் சேரும். மார்பில் இன்னொரு வளையம். ஏணியோடு மேலிருந்து கீழ்வரை ஓடும் எஃகுக் கம்பியிலோ (லைஃப்லைன்) தண்டவாளத்திலோ ஏறும்போது, அதில் ஆளோடு கூடவே நகர்ந்து, விழுந்தால் பூட்டிக்கொள்ளும் ஸ்லீவ் இந்த மார்பு வளையத்தில்தான் மாட்டப்பட வேண்டும். முதுகு வளையம் மட்டும் இருக்கும் ஹார்னஸில் இதற்கு இடமே இல்லை. அப்படிப்பட்ட ஹார்னஸைக் கொடுத்து அனுப்பினால், டவரில் நல்ல லைஃப்லைன் கம்பி இருந்தும் ஏறுகிறவர் அதில் மாட்டாமலே ஏறுவார். ஸ்லீவுக்கும் மார்பு வளையத்துக்கும் இடையிலான இணைப்பு குட்டையாக இருக்க வேண்டும்; அமெரிக்க விதி 9 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 23 செ.மீ.க்குள் என்கிறது. எட்டவில்லை என்று நடுவே இன்னொரு காராபைனரை, அதாவது வாய் திறந்து மூடும் உலோக வளையத்தை, கோத்தால், விழும்போது உடம்பு பின்னால் சாய்ந்து ஸ்லீவ் பூட்டுவதற்குள் வேகம் கூடிவிடும்.

இடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு வளையம் வேண்டும். இவை இரண்டு கைகளையும் விட்டுவிட்டு ஸ்பேனர் பிடித்து வேலை செய்வதற்கானவை. டவர் காலைச் சுற்றிப் போட்ட பொசிஷனிங் லேன்யார்ட் இடது வளையத்திலிருந்து கிளம்பி வலது வளையத்தில் முடியும். ஆள் அதில் சாய்ந்து நிற்பார். 0.5 மீட்டருக்கு மேல் விழ இடமில்லாதபடி அது இறுக்கமாக இருக்க வேண்டும். இந்த இடுப்பு வளையங்களில் விழுந்தால் பிடிக்கும் லேன்யார்டை ஒருபோதும் மாட்டக் கூடாது. பொசிஷனிங்கில் சாய்ந்திருக்கும்போதும் முதுகு வளையத்தில் இன்னொரு லேன்யார்ட் தனியாக மேலே மாட்டியிருக்க வேண்டும். சாய்ந்து நிற்பது ஒரு சாமான், விழுந்தால் பிடிப்பது வேறொரு சாமான். ஒன்று இருந்தால் போதும் என்று இந்தத் தொழிலில் பலர் நினைப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம்.

வயிற்றுக்கு நேரே ஒரு வளையம் இருந்தால் கயிற்றில் இறங்கவும் மீட்புக்கும் உதவும். மாஸ்டில் நாள் முழுக்கத் தொங்கி வேலை செய்கிறவருக்கு அதோடு உட்காரும் பலகை இணைக்கிற வசதியும் வேண்டும். தோள் வளையங்கள் கிணறு, தொட்டி போன்ற குறுகலான இடங்களுக்கானவை, டவருக்குத் தேவையில்லை. பக்கவாட்டில் தொங்கும் சின்ன வளையங்களும் பிளாஸ்டிக் கொக்கிகளும் ஸ்பேனர் மாட்டுவதற்கு மட்டுமே. ஆள் எடையைத் தாங்கா. ஐரோப்பியத் தரமான ஈ.என். 361-ன்படி செய்த ஹார்னஸில், விழுவதைப் பிடிக்கும் வளையத்தின் அருகே ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். ‘ஏ/2’ என்று இரண்டு இடத்தில் இருந்தால், அந்த இரண்டு கண்ணிகளையும் சேர்த்தே மாட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் மாட்டுவது மாட்டாததற்குச் சமம். சாமான் வந்து இறங்கியதும் எழுத்தைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது லேன்யார்ட். ஹார்னஸுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு இதில் மிச்சம் பிடிப்பவர்கள் அதிகம் என்பதால் இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒற்றை லேன்யார்ட் டவர் ஏற உதவாது. ஏறுகிறவர் ஒரு கம்பியைக் கடக்க, கொக்கியைக் கழற்றி மேலே மாட்டியாக வேண்டும். கழற்றிய அந்தச் சில விநாடி அவர் எதிலும் இல்லை. 40 மீட்டர் ஏறி இறங்குவதற்குள் எத்தனையோ முறை இது நடக்கும். ஆகவே ‘ஒய்’ எழுத்துபோல் இரண்டு கிளை உள்ள டபுள் லேன்யார்ட். ஒரு கிளை எப்போதும் டவரில். கொக்கி பெரியதாக, வாய் 50 முதல் 60 மி.மீ. திறப்பதாக இருக்க வேண்டும். சாதாரணச் சின்னக் கொக்கி ஆங்கிள் இரும்பைக் கவ்வாது. கவ்வாதபோது ஆள் கயிற்றையே கம்பியைச் சுற்றி அதே கயிற்றில் கொக்கியைப் போட்டுவிடுவார். அப்படிப் பயன்படுத்தவென்று செய்த லேன்யார்ட் தவிர மற்றவை அந்த இடத்திலேயே அறுபடக் கூடும். கொக்கியின் வாய் இரட்டைச் செயலில், அதாவது பின்னால் ஒன்றை அழுத்தி முன்னால் ஒன்றைத் தள்ளினால்தான் திறக்க வேண்டும். ஒரே அழுத்தில் திறக்கும் பழைய கொக்கி, வளையம் முறுக்கிக்கொண்டு வாயின் மேல் ஏறினால் தானாகவே கழன்றுவிடும்.

எங்கே மாட்டுவது என்பதையும் பயிற்சியில் சேருங்கள். டவரின் முக்கியக் காலில் பெரும்பாலும் கொக்கி நுழையாது. குறுக்கு ஆங்கிளில், போல்ட் மூட்டுக்கு மேல்பக்கம், சறுக்கிக் கீழே போக முடியாத இடத்தில் மாட்ட வேண்டும். மிதித்து ஏறும் ஸ்டெப் போல்டில் மாட்டக் கூடாது. முனை திறந்த போல்ட் அது. விழும்போது கொக்கி வெளியே வழுக்கிவிடும். கேபிள் டிரேயும் ஆன்டெனாவின் கிளாம்பும் விளக்குக் குழாயும் ஆளைத் தாங்கும் இடங்களல்ல.

ஷாக் அப்சார்பர் என்பது மடித்துத் தைத்த பட்டை. விழுந்தால் தையல் கிழிந்து கிழிந்து வேகத்தைத் தின்னும். ஈ.என். 355 தரத்தில் உச்ச விசை 6 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது, அப்சார்பரோடு சேர்த்து லேன்யார்டின் நீளம் 2 மீட்டரைத் தாண்டக் கூடாது. சோதனை 100 கிலோ எடையில் நடக்கிறது. 55 கிலோ ஆளும், கருவிப்பையோடு 120 கிலோ வருகிற ஆளும் ஒரே அப்சார்பரைப் பயன்படுத்தினால் ஒருவருக்கு அது கடினமாக நிறுத்தும், இன்னொருவருக்குப் பட்டை முழுவதும் கிழிந்த பிறகும் வேகம் மிச்சமிருக்கும். ஆகவே லேபிளில் எத்தனை கிலோ வரை என்று போட்டிருக்கிறதோ அதைப் பாருங்கள். கணக்கில் ஆளின் எடையோடு கருவி, ஹெல்மெட், ஷூ எல்லாம் சேரும்.

டபுள் லேன்யார்டில் அடிக்கடி நடக்கும் ஒரு பிழை உண்டு. ஒரு கிளை டவரில் இருக்க, சும்மா இருக்கும் மற்றக் கிளையின் கொக்கியை ஆள் தன் இடுப்பு வளையத்தில் போட்டுக்கொள்வார், காலில் தட்டாமல் இருக்கட்டும் என்று. விழுந்தால் விசை அப்சார்பர் வழியே போகாமல் ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்கு நேராக ஓடி இடுப்பில் இறங்கும். வாங்கிய அப்சார்பர் கிழியவே கிழியாது. இதற்கென்றே நல்ல ஹார்னஸில் மார்புப் பட்டையருகே, இழுத்தால் பிய்ந்து கொடுக்கும் கொக்கித் தாங்கிகள் வைத்திருப்பார்கள். அவை இருக்கின்றனவா என்று பட்டியலில் ஒரு வரி போதும்.

விழ இடம் இருக்கிறதா என்ற கணக்கை யாரும் கேட்பதில்லை. கொக்கி கால் மட்டத்தில் இருந்தால்: லேன்யார்ட் 2 மீட்டர், அப்சார்பர் நீள்வது 1.75 மீட்டர் வரை, முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர், பாதுகாப்புக்கு 1 மீட்டர். மொத்தம் 6.25 மீட்டர் கீழே காலியாக இருக்க வேண்டும். மொட்டைமாடி டவரில் முதல் 6 மீட்டருக்குள் கால் மட்டத்தில் மாட்டியவர், லேன்யார்ட் முழுதாக வேலை செய்வதற்குள் மாடித் தளத்தில் மோதிவிடுவார். உயரத்தில் இருந்தாலும் கீழே பிளாட்ஃபார்மும் ஆன்டெனா பைப்பும் நீட்டிக்கொண்டிருக்கும். கொக்கி கால் மட்டத்தில் இருந்தால் தடையில்லாமல் விழும் தூரம் 3.5 மீட்டர், முதுகு வளைய மட்டத்தில் இருந்தால் 2 மீட்டர், தலைக்கு மேல், வளையத்துக்கு அரை மீட்டர் உயரத்தில் இருந்தால் 1.5 மீட்டர். எப்போதும் தோளுக்கு மேலே மாட்டு என்று சொல்வது இதனால்தான். எங்கள் பரிந்துரை: டவருக்கு 2 மீட்டருக்குப் பதில் 1.5 மீட்டர் டபுள் லேன்யார்ட் வாங்குங்கள். கை எட்டுகிற தூரத்துக்கு அது போதும்.

பொசிஷனிங் லேன்யார்டில் எஃகு உள்ளிழை கொண்ட கயிறும், ஒரு கையால் நீளம் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரும் இருக்கட்டும். ஆங்கிள் இரும்பின் விளிம்பு கயிற்றை அறுக்கும். அதில் உராயும் இடத்தில் நகரும் உறையும் வேண்டும். பாலிப்ரொப்பிலீன் கயிற்றில் செய்த லேன்யார்டை வாங்கவே வேண்டாம். வெயில் அதைச் சீக்கிரம் அரித்துவிடும், சுமார் 165 டிகிரியிலேயே உருகும், விலை மட்டுமே அதன் கவர்ச்சி. வேலூர் வெயில் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ஏணிக் கம்பியில் ஓடும் ஸ்லீவ் பற்றி இரண்டு விஷயம். 8 மி.மீ. கம்பிக்குச் செய்த ஸ்லீவ் அதைவிடத் தடித்த கம்பியில் ஓடாது, மெல்லிய கம்பியில் பூட்டாது. டவரில் உள்ள கம்பியின் தடிமனை அளந்து, அதன் தயாரிப்பாளர் யாரென்று பார்த்தபின்தான் ஸ்லீவ் வாங்க வேண்டும். ஸ்லீவிலும், கயிற்றில் அதே வேலையைச் செய்யும் ரோப் கிராபிலும் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி இருக்கும். தலைகீழாக மாட்டினால் அது பூட்டாது, ஆனால் ஏறும்போது வித்தியாசம் தெரியாது. மாட்டியதும் தரையிலேயே ஒருமுறை கீழ்நோக்கி இழுத்துப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். துருப்பிடித்த, இழை பிரிந்த, கீழ்முனை தளர்ந்த கம்பியில் எந்த ஸ்லீவும் பயன்படாது. அந்தக் கம்பியைப் பார்த்துவைப்பது டவர் உரிமையாளரின் பொறுப்பு. ஒப்பந்தக்காரர் தலையில் அதைக் கட்டக் கூடாது.

அளவு. ‘ஃப்ரீ சைஸ்’ என்று மொத்தமாக வாங்குவது வழக்கம். ஒல்லியான பையனுக்குத் தோள் பட்டை சரிந்து விழும், பெரிய உடம்புக்காரருக்குத் தொடைப் பட்டை பூட்டாது; பூட்டாததை அவர் பூட்டாமலே ஏறுவார். ஆள் பெயரோடு அளவெடுத்து வாங்குங்கள். மாட்டியபின் முதுகு வளையம் தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். அது முதுகின் பாதிக்கு இறங்கியிருந்தால் விழுந்தவர் குப்புறத் தொங்குவார். மார்புப் பட்டை நெஞ்சின் நடுவில் இருக்க வேண்டும். கழுத்துக்கு ஏறினால் நெரிக்கும். தொடைப் பட்டைக்கும் தொடைக்கும் இடையே விரித்த உள்ளங்கை நுழைய வேண்டும், முஷ்டி நுழையக் கூடாது. புது ஹார்னஸை முதல் நாளே டவரில் ஏற்றாமல், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் சில நிமிடம் தொங்கவிட்டுப் பாருங்கள். எங்கே அழுத்துகிறது, எந்த பக்கிள் நழுவுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். கையுறையோடும் வியர்வையோடும் போடுவதால், தொடையில் ‘கிளிக்’ என்று பூட்டும் பக்கிள் எங்களுக்குப் பிடித்தது. கட்டங்கட்டமாகத் துளை போட்ட பட்டையும் நல்லதுதான், ஒரே ஆள் பயன்படுத்தும்வரை.

பட்டை எந்த இழை என்பது வெளியூர்க்காரருக்குச் சின்ன விஷயமாக இருக்கலாம். இங்கே அப்படியில்லை. நைலான் அமிலத்தில் கெடும், பாலியஸ்டர் கடுமையான காரத்தில் கெடும். டவர் அடியில் உள்ள ஷெல்டரில் லெட்-ஆசிட் பேட்டரிகள் வரிசையாக இருக்கும், அதே அறையின் மூலையில் ஹார்னஸ் கிடக்கும். பேட்டரி அமிலம் ஒரு துளி பட்டால் போதும். பட்டையின் நிறம் மாறாமலே இழை செத்துப்போகலாம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைகளையொட்டி வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். அங்கே சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் ஒரு பக்கம், கந்தக அமிலம் இன்னொரு பக்கம், தோலைப் பதப்படுத்தும் உப்பு எல்லாப் பக்கமும். உப்பு கொக்கியின் துத்தநாகப் பூச்சைத் தின்று ஸ்பிரிங்கைத் துருவேற்றும். சுண்ணாம்பு பாலியஸ்டரையும் அமிலம் நைலானையும் தொடும். அந்தப் பகுதிகளில் ஹார்னஸை மூடிய பையில் எடுத்துப் போய், மூடிய பையிலேயே திருப்பிக் கொண்டுவர வேண்டும். தரையில் போடக் கூடாது. ரசாயனம் பட்டது என்று சந்தேகம் வந்தாலே அதைப் பயன்பாட்டிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

டவருக்கு ஆரஞ்சும் வெள்ளையும் அடிக்கிற பெயின்டர்களின் ஹார்னஸ் தனிக் கவலை. பெயின்ட் காய்ந்த பட்டை விறைத்துவிடும், அறுந்த தையலை மூடி மறைக்கும். தின்னர் ஊறியது அதைவிட மோசம். பெயின்ட் வேலைக்குத் தனி ஹார்னஸ் ஒதுக்கி, தையல் தெரியாத அளவுக்குப் பெயின்ட் ஏறிய அன்றே அதைக் கழித்துவிடுங்கள்.

தினமும் ஏறுவதற்கு முன் ஏறுகிறவரே பார்க்க வேண்டியது இவ்வளவு: லேபிளில் தேதியும் வரிசை எண்ணும் படிக்க முடிகிறதா, பட்டையை இரு கைகளுக்கிடையே ஒரு சாண் பிடித்துக் கவிழ்ந்த ‘யு’ வடிவில் வளைத்து, மேல்பக்கம் இழை வெட்டு, தீக்கருகல், விறைப்பு இருக்கிறதா, பட்டை நிறத்துக்கு மாறான நிறத்தில் போட்ட தையலில் ஒன்றாவது அறுந்திருக்கிறதா, வளையம் வளைந்து கீறியிருக்கிறதா, அப்சார்பரின் உறை பிரிந்திருக்கிறதா, கொக்கி வாய் தானாக மூடிப் பூட்டுகிறதா. 5 நிமிட வேலை. இது தவிர, தகுதியுள்ள இன்னொருவர் வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்து எழுதி வைக்க வேண்டும். இந்த ஊர் வெயிலுக்கும் மேலே சொன்ன ரசாயனத்துக்கும் 6 மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வதே சரி என்பது எங்கள் கருத்து. ஆயுள் எத்தனை ஆண்டு என்று தயாரிப்பாளர் கொடுத்த தாளில் இருக்கும். அது அதிகபட்சம்தான், உத்தரவாதம் இல்லை. ஒருமுறை ஆளைப் பிடித்த ஹார்னஸும் லேன்யார்டும் அன்றோடு முடிந்தது. துவைக்கச் சாதாரணத் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். நிழலில் உலர்த்த வேண்டும், பிளீச்சிங் கூடவே கூடாது.

ரேடியோ டவர் என்பதால் இன்னொன்றையும் சேர்க்கிறோம். ஹார்னஸ் விழுவதைத்தான் தடுக்கும். எஃப்.எம். ஆன்டெனாவின் அருகே ஏறுவதற்கு முன் டிரான்ஸ்மிட்டரை நிறுத்த வேண்டும் அல்லது தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்குச் சக்தியைக் குறைக்க வேண்டும். மீடியம் வேவ் மாஸ்ட் பல இடங்களில் தரையிலிருந்து மின்காப்பு செய்து நிறுத்திய ஆன்டெனாவே ஆகும். ஒலிபரப்பு ஓடும்போது அதைத் தொட்டாலே கை வெந்துவிடும். நிறுத்திய சுவிட்சில் பூட்டுப் போட்டு, சாவி ஏறுகிறவர் பையில் இருக்க வேண்டும். தேன்கூட்டையும் கீழிருந்தே பைனாகுலரில் தேடுங்கள். மலையடிவார டவர்களில் மலைத்தேனீ அடை வைப்பது உண்டு. கொட்டத் தொடங்கினால் கொக்கியை மாற்றி மாற்றி நிதானமாக இறங்க எவராலும் முடியாது.

கடைசியாக, எங்கள் மனதை அதிகம் உறுத்துவது மீட்பு. ஹார்னஸ் ஆளைப் பிடித்துவிட்டது. அவர் 30 மீட்டர் உயரத்தில் மயங்கித் தொங்குகிறார். தொடைப் பட்டை அழுத்த, கால் அசையாமல் இருக்க, இரத்தம் காலில் தேங்கும். சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். 101-க்கும் 108-க்கும் உடனே அழைக்கத்தான் வேண்டும். ஆனால் ஜவ்வாது மலையின் ஒரு மேட்டுக்கு வண்டி வந்து சேர்ந்து, வந்தவர்கள் மேலே ஏறும்வரை தொங்குகிறவர் காத்திருக்க முடியாது. ஆகவே ஏறுகிறவர்கள் எப்போதும் இருவர், கீழே ஒருவர். இருவருக்கும் மீட்புப் பயிற்சி. ஹார்னஸின் இரு பக்கமும் பைக்குள் சுருட்டி வைத்த கால்மிதிப் பட்டை. நினைவோடு தொங்குகிறவர் அதை விரித்து மிதித்து எழுந்து நின்று, காலுக்கு இரத்த ஓட்டம் கொடுக்கலாம். குழுவுக்கு ஒரு மீட்புப் பை: 11 மி.மீ. அதிகம் நீளாத கெர்ன்மான்டில் கயிறு (உள்ளிழைமேல் பின்னிய உறை உள்ளது), டவர் உயரத்தைவிடக் குறைந்தது 10 மீட்டர் கூடுதலாக, தானாகப் பூட்டும் இறக்கும் கருவி, தொங்குகிறவரை அரை மீட்டர் தூக்கி அவருடைய லேன்யார்டைத் தளர்த்த ஒரு சின்ன கப்பி செட், இரும்பைச் சுற்றிப் போடும் பட்டைக் கண்ணிகள், விளிம்புக் காப்பு, பூட்டும் காராபைனர்கள் ஐந்தாறு. இறக்கிய ஆளைப் படுக்க வைக்கக் கூடாது, உட்கார வைக்க வேண்டும் என்று முன்பு சொல்லிக் கொடுத்தார்கள். பிரிட்டனின் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் ஆராய்ந்து, அதற்கு ஆதாரம் இல்லை, வழக்கமான முதலுதவியே போதும் என்று சொல்லிவிட்டது. பயிற்சிக் கையேட்டில் பழைய வாசகம் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவையும் டெண்டரில் எழுத நீளமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கீழுள்ளதை அப்படியே எடுத்து ஒட்டலாம் (ஐ.எஸ். 3521 இந்தியத் தரம், ஈ.என். 358 சாய்ந்து நின்று வேலை செய்யும் சாமானுக்கான ஐரோப்பியத் தரம்):

“டவர் ஏறும் ஒவ்வொருவருக்கும், பெயரிட்டு, அளவெடுத்து: ஐ.எஸ். 3521 அல்லது ஈ.என். 361, ஈ.என். 358 தரச் சான்றுள்ள முழு உடல் ஹார்னஸ் 1. முதுகிலும் மார்பிலும் விழுவதைப் பிடிக்கும் வளையம், இடுப்பில் இரு பக்க வளையம், முதுகுத் திண்டு, உடைந்து கொடுக்கும் கொக்கித் தாங்கி, கால்மிதிப் பட்டை ஜோடி உட்பட. ஷாக் அப்சார்பருடன் 1.5 மீட்டர் டபுள் லேன்யார்ட் 1, 50 மி.மீ.க்குக் குறையாமல் திறக்கும், இரட்டைச் செயல் கொக்கி இரண்டுடன். ஏறுகிறவரின் மொத்த எடைக்கு ஏற்ற குறியீட்டுடன். எஃகு உள்ளிழைப் பொசிஷனிங் லேன்யார்ட் 1. டவரின் லைஃப்லைன் கம்பிக்குப் பொருந்தும் ஸ்லீவ் 1. தாடைப் பட்டையுள்ள ஹெல்மெட் 1. குழுவுக்கு மீட்புப் பை 1, உபரி ஹார்னஸ் 1. ஒவ்வொரு சாமானுக்கும் வரிசை எண்ணும் சோதனைப் பதிவேடும். மாதிரி ஒன்றை அணிந்து தொங்கிப் பார்த்து ஏற்ற பிறகே விலைப்புள்ளி திறக்கப்படும்.”

கடைசி வாக்கியம் முக்கியம். மாதிரியைப் பார்க்காமல் விலையை மட்டும் ஒப்பிட்டால், தரத்தாள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பழைய சாமானே வந்து நிற்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டிருந்தால் அதன் கீழுள்ள ‘சி.எம்./எல்.’ உரிம எண்ணை, முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அடித்துப் பாருங்கள். உரிமம் நடப்பில் இருக்கிறதா, அந்தச் சாமானுக்குத்தானா என்று அது காட்டும். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் சொல்கிறோம்.

இந்த மடலைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் இன்றே செய்ய முடியும். உங்கள் ஸ்டோர் ரூமில் இப்போது இருக்கும் பெல்ட்டுகளையும் ஹார்னஸ்களையும் வெளியே எடுத்து வரச் சொல்லுங்கள். இடுப்பு பெல்ட், லேபிள் இல்லாதது, அப்சார்பர் பிரிந்தது, பேட்டரி அறையில் கிடந்தது ஆகியவற்றைக் குப்பையில் போட வேண்டாம். போட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள். தொடைப் பட்டையையும் தோள் பட்டையையும் கத்தரியால் வெட்டி, வளையத்தைத் தனியே எடுத்த பிறகு போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டவர் வேலை அறிந்தவர்கள் சிலர்,
வேலூர்.